ஆறு சரி, பனி பிழை

தம்பி,

உன் கலியாணத்துக்கு அம்மா வருகிறாள். இன்று காலை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வானில் ஏறிவிட்டாள். நான் வரவில்லை. வர முடியாது. நீ இருக்கும் நாட்டில் நான் இறந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வானில் வந்தவர்கள் என்னைக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள் என்று அகதி விசாரணையில் நீ சொன்னாய், அவர்கள் நம்பினார்கள், உனக்கு அங்கே இருக்க அனுமதி கிடைத்தது. செத்தவனுக்கு யார் விசா கொடுப்பார்கள்? ஆகவே நான் கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், கடல் பக்கத்து யன்னலோரம் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தபாலில் போட எனக்கு விருப்பமில்லை. என் கையெழுத்து உன் வீட்டில் கிடப்பது உனக்கு ஆபத்து. தொலைபேசியில் சொல்லப் போனால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அது நமக்குள் பழைய பழக்கம். அதனால் உன் பெயர், என் பெயர், நாட்டின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். இது அச்சில் வரும்போது உன் கலியாணம் முடிந்திருக்கும். வெள்ளவத்தையில் என்னைப் போல எத்தனை செத்த அப்பாக்கள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போகிறார்களோ தெரியாது. அவர்களும் வாசிக்கட்டும்.

நான் வேலை செய்த நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரின் வேலை ஆற்றை அளப்பது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. களனி கங்கையில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது, நாளைக்கு எவ்வளவு வரும். என் சம்பாத்தியம் முழுவதும் அதில்தான். நீயும் அதையே படிக்கப் போகிறேன் என்றபோது நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அன்று இரண்டு தரம் கோப்பி கேட்டேன் என்று அம்மா இன்றும் சொல்வாள். சமாதான காலத்தில் உனக்குப் புலமைப்பரிசில் கிடைத்து நீ போனாய். போன பிறகு ஒரு நாள் தொலைபேசி எடுத்து, “அப்பா, நான் பனியிலதான் ஆராய்ச்சி செய்யப் போறன், செய்மதியில பனியைப் பாத்து ஆத்துத் தண்ணியைக் கணிக்கிறது” என்றாய். எனக்குத் தெரிந்த பனி மார்கழியில் புல்லில் கிடக்கிற பனிதான். “அது எட்டு மணி வெயிலுக்குக் காய்ஞ்சு போமே தம்பி, அதிலயிருந்து எந்த ஆறு ஓடும்?” என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் தொலைபேசியே இரைந்தது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதற்கு நான் என்ன செய்ய? அதற்குப் பிறகு உன் பனிக்கு ‘பெரிய பனி’ என்று நாங்கள் பெயர் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பெரிய பனியைப் பற்றிச் சொல்வாய். மலைப் பள்ளத்தாக்கில் ஓர் ஆறு. குளிர்காலம் முழுவதும் மேலே பனி சேர்கிறது, வெயில் காலம் வர உருகி இறங்குகிறது. கணினியில் நீ அதே போல ஓர் ஆறு செய்து வைத்திருந்தாய். கீழே பாலத்தடியில் அளக்கிற நீரோட்டத்தோடு உன் கணினி ஆறு அச்சொட்டாகப் பொருந்தியது. நீ பெருமைப்பட்டாய், நானும்தான். பிறகு வானத்திலிருந்து செய்மதி பிடித்த படங்களை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாய். உன் கணக்கின்படி பனி உருகி முடிந்துவிட்ட சரிவுகளில் செய்மதி இன்னும் வெள்ளை வெள்ளையாகக் காட்டியது. அது முகிலாக இருக்கும் என்றேன் நான். இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியில் பார்த்தால் முகில் வெள்ளையாகவே நிற்கும், பனி கறுத்துவிடும், அதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்றாய். அப்படியென்றால் ஆறு எப்படிச் சரியாக வந்தது? நீ கண்டுபிடித்தாய். உன் கணினி பனியை நாளுக்கு முந்தியே உருக்கிவிட்டது, அந்தப் பிழையை மறைக்கிற மாதிரி மண்ணுக்குள் தண்ணீரை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது. ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டிவிட்டது. பாலத்தடியில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. “ஆறு சரி, பனி பிழை, அப்பா” என்றாய். வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. குழம்பு ருசியாக இருந்து கறிச்சட்டி அடிப்பிடித்திருந்தால்கூட அம்மா அதைத்தான் சொல்வாள்.

செய்மதியின்படி பனியைத் திருத்தினாய். திருத்தியவுடன் ஆறு கெட்டுப்போனது. முன்பு பொருந்தியது பொருந்தாமல், வெள்ளம் பிந்திப் பிந்தி வந்தது. நீ மனம் உடைந்துபோய், பழையபடியே விட்டுவிடட்டுமா என்று கேட்டாய். கெட்டதைக் கெட்டபடி வைத்துக்கொண்டு மண்ணைத் திருத்து என்று உன் பேராசிரியர் சொன்னார், நானும் அதைத்தான் சொன்னேன். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள். கீழே மறுபடி வருவேன்.

நீ படித்து முடிக்கும்போது இங்கே சமாதானம் முடிந்துவிட்டது. பொலிஸ் பதிவு, காவலரண், வீடு வீடாகச் சோதனை. எங்களுக்குக் கீழ் மாடியில் இருக்கும் டீச்சரின் கணவரைக் கொண்டு போனார்கள். அவரை உனக்குத் தெரியும், உனக்கு ரியூஷனுக்குப் போகச் சைக்கிள் இரவல் தந்தவர். சத்தம் கேட்டு நாங்கள் கதவைத் திறந்தபோது படியில் அவருடைய இடதுகால் செருப்பு மட்டும் வார் பிய்ந்து கிடந்தது. அந்த ஞாயிறு நீ தொலைபேசி எடுத்தபோது, ஒட்டுக்கேட்பார்கள் என்று பெயர் சொல்லாமல், இடம் சொல்லாமல், கண்டதை அப்படியே உனக்குச் சொன்னேன். கண்டதைச் சொல்லிப் பழகினவன் நான். எந்தக் கால் செருப்பு, எப்படிக் கிடந்தது, அதை அவர் மனைவி எடுத்து எப்படித் துடைத்தாள் என்று எல்லாம். நீ கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்குத் துக்கம் என்று நினைத்தேன்.

இனி, இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததைக் கேள். அம்மா அடுக்களையில் இருந்தாள். மணி அடித்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் பழப்பை, களைத்துப்போய் நின்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. உனக்குப் பேசியிருக்கிற பிள்ளையின் பெரியம்மா, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், சேலை எடுக்கவும் கலியாணக் கார்டு அச்சடிக்கவும் வந்தேன், சம்பந்தி அம்மாவைப் பார்க்காமல் போகக்கூடாது என்று வந்தேன் என்றார். கார்டை அங்கே அடிப்பதைவிடக் கொட்டாஞ்சேனையில் அடித்தால் வடிவாயிருக்கும் என்று எல்லோரும் இங்கேதான் அடிக்கிறார்களாம். “வாங்கோ, இருங்கோ” என்றேன். அவர் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்.

“நீங்கள் அக்காவின்ர தமையனாக்கும். அத்தானை இப்பிடிப் பறிகுடுத்துப்போட்டு அவ எப்பிடித்தான் இருக்கிறாவோ. பெடியன் எங்களுக்குச் சொல்லேக்க கேக்க ஏலாமல் கிடந்தது. படியில ஒரு செருப்பு மட்டும் கிடந்ததாமே. இடக்கால் செருப்பு.”

தம்பி, செருப்பு என்ற சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் எனக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ‘இல்லை’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கலியாணம் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும், கலியாணம் மட்டுமா, உன் அனுமதியும் போயிருக்கும். “ஓம், தமையன்தான்” என்றேன். என் சாவை நானே உறுதிப்படுத்தினேன்.

அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். காலையில் வைத்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்திருந்தாள். ஒரு பக்கம் சிவப்பாக இழுபட்டிருந்தது. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முதலே தெரியும் என்பதும் அந்தச் சிவப்பில்தான் தெரிந்தது. முன்பொரு நாள் காலி வீதி ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வெறும் நெற்றியோடு வீட்டுக்கு வந்தாள். “வேர்வைக்கு அழிஞ்சு போச்சு” என்றாள். “பொட்டை வையும், பாக்க ஏலாமல் கிடக்கு” என்று நான் சொல்லியிருந்தேன். உன் வழக்குக்கு ஒரு விதவைத் தாயின் படம் தேவைப்பட்டிருக்கிறது.

பெரியம்மா கார்டின் மாதிரிப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். பெயர்கள் சரியா என்று அக்கா ஒரு தரம் பார்த்துத் தர வேண்டுமாம், அச்சகக்காரர் அவசரப்படுத்துகிறாராம். அம்மா அதைத் தொடவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். காலஞ்சென்ற என்று போட்டு அதற்குப் பிறகு என் பெயர். ஒரு எழுத்து பிழையாக இருந்தது, றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம். பேனையை எடுத்து அதைத் திருத்திக் கொடுத்தேன். மற்றச் சொல்லைத் திருத்தவில்லை. “அண்ணைக்கு நல்ல கூர்மை” என்று பெரியம்மா மெச்சினார்.

அவர் போன பிறகு நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன் என்று நினைக்காதே. ஒன்று மட்டும் கேட்டேன்.

“என்னைக் கேக்கோணும் எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் படேல்லையோ?”

“கேட்டிருந்தால் நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பியள்” என்றாள். “பிறகு ஒவ்வொரு நாளும் அந்த முகத்துக்குச் சோறு போட என்னால ஏலாது.”

உன் அம்மா அப்படித்தான். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒழுங்கை வீட்டில், இந்த மழைக்குத் தண்ணீர் வாசலுக்கு வராது என்று நான் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுப் படுத்தபோது, அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் அரிசிச் சாக்கை இழுத்து மேசைமேல் ஏற்றினாள். தண்ணீர் வந்தது. அன்றைக்கு அது நன்மை. இம்முறை மேசைமேல் ஏற்றியது உன்னை, தண்ணீரில் விட்டது என்னை. தாய்க்கு அப்படித்தான் தோன்றும். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய், ஆனால் அவளோடு இருக்க என்னால் முடிகிறது.

பெரியம்மா வந்துபோன பிறகு வந்த ஞாயிறு உன்னோடு கதைத்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அது வெறும் கதை அப்பா, எல்லாரும் செய்யிறதுதான், ஆரையோ ஒருத்தரைச் சொல்லத்தானே வேணும் என்றாய். “ஆரின்ர செருப்பு அது, தம்பி?” என்று கேட்டேன். கீழே டீச்சர் அந்தச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறாத கந்தோர் இல்லை. பொலிஸில் காட்டினாள், மனித உரிமை ஆணைக்குழுவில் காட்டினாள், உன் புருஷன் வேறெங்காவது ஓடியிருப்பான் என்று சிரித்து அனுப்பினார்கள். அவள் கையில் இருந்தபோது இங்கே ஒருவரும் நம்பாத செருப்பை, உன் வாயிலிருந்து வந்ததும் அங்கே நம்பிவிட்டார்கள். அவளுக்கு இது தெரியாது. படியில் அவளைக் காணும்போதெல்லாம் நான் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். நான் மரியாதைக்காரன் என்று அவள் நினைக்கிறாள்.

நீ பயந்தாய் என்பதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். விசா முடிந்து நீ இங்கே வந்திறங்கியிருந்தால் எந்தக் காவலரணில் உன்னைத் தேடியிருப்பேனோ. வராதே என்று நானே சொல்லியிருப்பேன். நீ கேட்டிருந்தால், நான் செத்தவனாக இருக்கிறேன், நீ உயிரோடு இரு என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன், எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்? அந்த ஒரு ‘ஓம்’ என்ற சொல்லைத்தான் நீ என்னிடமிருந்து களவெடுத்தாய். கொடுக்க இருந்தவனிடமே களவெடுத்தாய். அது எனக்கு ஆறவில்லை, ஆறும் என்று எதிர்பார்க்காதே.

இன்னொன்றும் உண்டு. உன் வழக்கு நடந்த காலத்தில் நீ பல்கலைக்கழகத்திலேயே இருக்கவில்லை, ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய் என்று இப்போது அம்மா சொல்கிறாள். ஆனால் ஞாயிறு தவறாமல் எனக்குப் பனி சொன்னாய். இந்தக் கிழமை சரிவில் எவ்வளவு குறைந்தது, ஆறு எவ்வளவு ஏறியது என்று. நானும் வேலை மெனக்கெட்டு யோசித்து, இதைப் பார், அதைப் பார் என்று சொன்னேன். எல்லாம் பொய்ப் பனி. நான் பிடித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் உன் எண்கள் மிக அழகாக இருந்தன, உண்மையாக அளக்கிற எதுவும் அவ்வளவு அழகாக வருவதில்லை. நீ சிரித்தாய், நான் பிரஷர் குளிசை விழுங்கினேனா என்று விசாரித்தாய், தவறாமல் எடுத்தாய். பாலத்தடியில் நின்ற எனக்கு ஆறு சரியாகவே வந்துகொண்டிருந்தது. பொய் சொன்னாய் என்பதைவிட, அதைச் சொல்லும்போது என்னைச் சிரிக்க வைத்தாய் என்பதுதான் என்னைச் சுடுகிறது.

கலியாணம் கட்டுகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன், நீ இல்லை என்றாய். தாலி கட்ட முன் சொல் என்றேன், பிறகு பார்ப்போம் என்றாய். இதை வாசிக்கும்போது கட்டி முடிந்திருக்கும். இப்போதாவது சொல். அவள் முன்னால் நல்லபடி சிரித்து, நல்லபடி உழைத்து, கீழே எல்லாம் பொருந்துகிற மாதிரி ஓடவிட உனக்குத் தெரியும், அதில் நீ கெட்டிக்காரன். மேலே சரிவில் என்ன கிடக்கிறது என்று அவளுக்குக் காட்டு. காட்டினால் முதலில் எல்லாம் கெட்டுப்போகும். அவள் அழுவாள், பெரியம்மா உன்னை ஏசுவார், கொஞ்சக் காலம் ஒன்றோடொன்று பொருந்தாது. பயந்துபோய்ப் பழையபடி விட்டுவிடாதே. கெட்டதைக் கெட்டபடி வைத்துக்கொண்டு மண்ணைத் திருத்து.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெண்வீட்டார் விமான நிலையத்துக்கே வந்து நிற்பார்கள், அம்மாவை அதற்கேற்றபடி வரச் சொல்லியிருந்தாய். சாமித்தட்டின் முன் நின்று பொட்டை அழித்தாள். தாலிக்கொடியைக் கழற்றி, “இதைப் பிடியுங்கோ” என்று என் கையில் தந்தாள். மணவறையில் மகனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள், விதவை என்று பின்வரிசை வாங்கில் இருக்கப் போகிறாள், ஆலத்தி எடுக்கவும் அவளை விடமாட்டார்கள். உயிரோடு இருக்கும் என் கண் முன்னால் அவள் தாலி கழற்றியதைப் பார்த்தேன் தம்பி. அதை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழ் மாடியில் டீச்சர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள், வழியனுப்ப. அவள் நெற்றியில் வட்டமாகக் குங்குமம். கணவரைக் கொண்டு போன நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. அதைப் பற்றித் தொடர்மாடியில் ஆட்கள் கதைக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். புருஷன் எங்கே என்று தெரியாதவள் பொட்டோடு, புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவள் பொட்டில்லாமல். டீச்சர் அம்மாவைப் பார்த்து, “என்னக்கா, பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போறியள், அவசரத்தில பொட்டை மறந்திட்டியள்” என்று உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, தன் விரலால் அம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பொட்டோடுதான் வானில் ஏறினாள்.

அதை எந்த இடத்தில் அழித்தாளோ, அழிக்க மனம் வந்ததோ, எனக்குத் தெரியாது. அவள் வந்து இறங்கியபோது பார்த்தவன் நீ. நீ கண்டதை உன் மனைவிக்குச் சொல், அங்கேயிருந்து தொடங்கு.

தாலிக்கொடி என் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா திரும்பி வந்ததும் நான்தான் மறுபடி கட்ட வேண்டும், டீச்சரைப் பூ வாங்கிக்கொண்டு வரச் சொல்லப்போகிறேன். அதற்குமுன் செருப்பைப் பற்றி அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகும் வருவாளோ தெரியாது. அந்தக் கலியாணத்துக்கு நான் கார்டு அடிக்கவில்லை. அடித்தால், உன் பெயருக்கு முன்னால் என்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா